குன்னூர் டீச்சர் கொடுத்த நட்சத்திரங்கள்

ஜூன் 14, சனி

இந்த நாட்குறிப்பில் உண்மையைத் தவிர வேறெதுவும் எழுதப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி, பேசியதைப் பேசியபடி. எனக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் எழுதுவேன். நூலகத்தில் எடுத்த ஒரு நாட்குறிப்புப் புத்தகத்தில் எழுதியவர் பக்கத்துக்குப் பக்கம் தன்னை நல்லவராகவே காட்டிக்கொண்டிருந்தார். பாதியில் மூடிவிட்டேன்.

பிற்காலத்தில் யாராவது படித்தால் குழம்பக் கூடாது என்பதற்காக: நான் தாரிணி, ஒன்பதாம் வகுப்பு. வீடு கொளத்தூரில். அப்பா லாரி ஓட்டுகிறார். நாக்பூர் பக்கம் போனால் வர நாளாகும். அம்மா சுகுணா மாடியில் தகரக் கூரைக்குக் கீழே ஃபைட்டர் மீன் வளர்க்கிறாள். ஆண் மீன்கள் ஒன்றையொன்று பார்த்தால் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு நிற்கும். அதனால் ஒவ்வொன்றும் தனித்தனி பாட்டிலில் இருக்கும். பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே அட்டை செருகியிருக்கும்.

மீன்களை 'மீன்மேடை' என்கிற ஆப்பில் ஏலம் விடுகிறோம். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஏலம். பார்சல் போய்ச் சேர்ந்ததும் வாங்கியவர் விற்றவருக்கு நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதுவார். விற்றவர் வாங்கியவருக்கு அதே மாதிரி எழுதுவார். ஒரு வருடம் முழுக்க எல்லோரிடமும் ஐந்து நட்சத்திரம் வாங்கியவர் பெயருக்குப் பக்கத்தில் 'பொன்வால்' முத்திரை விழும். பொன்வால் இருந்தால்தான் ஆவணி மாதப் பெரிய ஏலத்தில் மீன் வைக்க முடியும். அம்மா மூன்று வருடமாகப் பச்சை நிற மீன்களை அதற்காகவே வளர்க்கிறாள். அவளுடைய வருடம் ஜூலை கடைசியில் முடிகிறது. இதுவரை ஒரு நட்சத்திரம்கூடக் குறையவில்லை.

இன்று அம்மா என்னைக் கூப்பிட்டு மொபைலைக் கையில் கொடுத்தாள்.

"இனிமே நம்ம கடை ஃபீட்பேக் எல்லாம் நீயே எழுதிடு. எனக்கு எழுத்துக்கூட்டி அடிக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துடுது."

"என்ன வேணா எழுதலாமா?"

"நல்லதா எழுது."

எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது. என் எழுத்தைப் பொதுமக்கள் படிக்கப் போகிறார்கள்.

ஜூன் 16, திங்கள்

அதிர்ச்சி.

ஆவடி அக்கா ஒருவர் போன வாரம் ஒரு ஜோடி மீன் வாங்கினார். பணம் ஒரு நாள் தாமதமாக வந்தது. மற்றபடி எல்லாம் சரி. நான் நான்கு நட்சத்திரம் போட்டு, 'அன்பான வாங்குநர். ஆனால் பணம் அனுப்புவதில் சற்றுத் தாமதம்' என்று எழுதினேன். நியாயமான வாக்கியம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பள்ளியிலிருந்து வரும்போது அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஆவடி அக்கா போனில் அழுதாராம். 'என்ன சுகுணாக்கா, நம்ம பழக்கத்துக்கு நாலு போட்டுட்டீங்க? எங்க வீட்டு ஆளுங்க எல்லாம் பார்க்கறாங்களே' என்றாராம்.

"நாலுன்னா எண்பது மார்க்குமா. எங்க ஸ்கூல்ல அது நல்ல மார்க்," என்றேன்.

"இங்க நாலுன்னா செருப்படி. அஞ்சு போடு, இல்ல சும்மா இரு. அப்புறம் இன்னொண்ணு. 'ஆனால்'னு ஒரு வார்த்தை வரவே கூடாது."

"அப்போ உண்மையை எப்படிச் சொல்றது?"

"போன் பண்ணித் தனியா சொல்லு. ஊரு நடுவுல எதுக்குச் சொல்ற?"

மன்னிப்புக் கேட்டு ஐந்தாக மாற்றினேன். வேறு விதிகளையும் அம்மா சொல்லிக்கொடுத்தாள். வாங்கினவர்தான் முதலில் எழுத வேண்டும். அவர் எழுதிய அன்றைக்கே நாம் எழுதிவிட வேண்டும். அவர் இரண்டு வரி எழுதினால் நாம் மூன்று வரி. மீன் செத்துப்போய்ச் சேர்ந்தால், கவரைப் பிரிக்கும்போது நடுவில் நிறுத்தாமல் எடுத்த வீடியோ இருந்தால்தான் பேச்சே. அதையும் ஊர் நடுவில் பேசாமல் தனியாகப் பேசி, வேறு மீன் அனுப்பி, அப்புறம் ஐந்து நட்சத்திரம்.

பண்டமாற்று மாதிரி இருக்கிறது. பாடப் புத்தகத்தில் உப்புக்கு நெல் மாற்றியதாகப் படித்தோம்.

ஜூன் 18, புதன்

தண்ணீர் மாற்றும் நாள். கை முழுக்க வாதாம் மர இலைச் சாயம். அந்த இலையை ஊறவைத்த தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும், மீனுக்கு நல்லது. என் நகங்களுக்கு நல்லதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

இன்று ஒரு அபூர்வமான மனிதரைக் கண்டுபிடித்தேன்.

அவர் பெயர் வேதவல்லி. ஆப்பில் 'குன்னூர் டீச்சர்' என்று போட்டிருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியையாம். எங்களிடம் அடிக்கடி வாங்குகிறவர். மற்றவர்கள் எல்லாம் 'சூப்பர் மீன், சூப்பர் பேக்கிங், நன்றி அக்கா' என்று எழுதும் இடத்தில் இவர் எழுதியிருப்பது:

'கவரைப் பிரித்தேன். மீன் அசையவில்லை. பயந்துவிட்டேன். பிறகு அது ஒரு கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தது. நீதானா, என்று கேட்ட மாதிரி இருந்தது. ஆமாம், நான்தான் என்றேன். அதன் பிறகு நீந்தத் தொடங்கியது.'

மூன்று முறை படித்தேன். பழைய ஃபீட்பேக்குகளையும் தேடிப் படித்தேன். ஒன்றில், 'வீட்டில் பேச ஆளில்லாத நாட்களில் மீன் வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதுவும் ஏதோ சொல்ல நினைத்து விட்டுவிடுகிறது' என்று எழுதியிருந்தார்.

பதில் ஃபீட்பேக்கில் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு, 'தங்கள் நடை லாவகமானது. குன்னூரில் இப்போது குளிர் எப்படி இருக்கிறது?' என்று எழுதினேன். இது வழக்கமில்லை என்று தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

சாப்பிடும்போது அம்மா கேட்டாள், "லாவகம்னா என்னாடி?"

"சுலபமா, அழகா ஒரு வேலையைச் செய்யறது. உன்னோட வலை வீச்சு மாதிரி. மீனுக்கே தெரியாம அள்ளிடுவே இல்ல, அது லாவகம்."

அம்மா சிரித்துக்கொண்டே ரசத்தை ஊற்றினாள். நான் எழுதியதை அவள் படிக்கிறாள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

ஜூன் 25, புதன்

குன்னூர் டீச்சர் பதில் எழுதிவிட்டார்! 'குளிர் தன் வேலையை லாவகமாகச் செய்கிறது. புத்தகம் படிக்கிற பெண் யாரோ சுகுணா வீட்டில் இருக்கிறாள் போலிருக்கிறது. அவளுக்கு என் அன்பு.'

என் அன்பு! இதைத் தனியாக ஒரு காகிதத்தில் எழுதி அறிவியல் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் பார்த்தேன். டீச்சர் போன வாரம் வாங்கிய சிவப்பு மீனுக்கு மேல் துடுப்பில் சின்ன வெட்டு இருக்கும். பின்வரிசையில், செய்தித்தாள் போட்டு மூடிய ஒரு பாட்டிலில் அதே வெட்டோடு ஒரு சிவப்பு மீன் இருந்தது. கேட்டதற்கு, "அது இதோட தம்பி" என்றாள் அம்மா. மீன்களுக்கும் குடும்ப ஜாடை உண்டு என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஜூன் 28, சனி

பச்சை மீன் ஏலம். பெரிய ஏலத்துக்கு வைத்திருப்பவற்றில் ஒன்றை அம்மா இன்று விட்டாள், பெயர் பரவட்டும் என்று.

விருத்தாசலம் குணாளன் என்று ஒருவர் முதலில் கேட்டார். புதிதாகச் சேர்ந்தவர், அவரே சின்ன அளவில் மீன் வளர்த்து இதே ஆப்பில் விற்கிறார். குன்னூர் டீச்சர் அவருக்கு மேலே கேட்டார். குணாளன் ஏற்றினார். டீச்சர் ஏற்றினார். நான் டீச்சர் பக்கம். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று பார்த்தால் அவள் மாடியில் இருந்தாள். ஏலம் நடக்கும்போது அம்மாவுக்குப் படபடப்பு வருமாம், எப்போதும் மாடிக்குப் போய்விடுவாள்.

கடைசியில் டீச்சர் விட்டுக்கொடுத்துவிட்டார். குணாளன் முதலில் கேட்டதைப்போல மூன்று மடங்குக்கு வாங்கினார். உடனே பணமும் அனுப்பிவிட்டார்.

"பாவம் டீச்சர்," என்றேன் கீழே வந்த அம்மாவிடம்.

"அவங்களுக்கு வேற கிடைக்கும் விடு," என்றாள். முகமெல்லாம் வியர்வை.

ஜூலை 1, செவ்வாய்

பச்சை மீனை பார்சல் கட்டினோம். நான் கவரைப் பிடித்துக்கொண்டேன். வால் நுனியில் வெள்ளையாக, நூல் பிரிந்த மாதிரி இருந்தது.

"அம்மா, வால் வெளுத்திருக்கு."

"எங்க?"

"இதோ. அழுகல் ஆரம்பிக்குது போல."

அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இலைச்சாற்றை வழக்கத்தைவிட அதிகமாக ஊற்றினாள். தண்ணீர் கடுந்தேநீர் ஆகிவிட்டது, மீனே தெரியவில்லை.

"இந்தத் தண்ணியிலயே போற வழியில சரியாயிடும்," என்றாள்.

இலைச்சாறு மருந்து என்பது உண்மைதான்.

ஜூலை 3, வியாழன்

குணாளன் மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டார்.

'மீன் உயிரோடு வந்தது. பேக்கிங் நன்று. நிறம் அருமை. ஆனால் வால் நுனியில் அழுகல் நோய் இருக்கிறது. அனுப்பும் முன்பே இருந்திருக்க வேண்டும். சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பேன்.'

அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்னும் ஒரு மாதம்கூட இல்லை பொன்வாலுக்கு.

"போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம் இல்ல? ஒரு வார்த்தை, 'அக்கா, இப்படி இருக்கு'ன்னு. வேற மீனே அனுப்பியிருப்பேனே. ஊரு நடுவுல போட்டு ஒடைச்சிட்டானே."

"அவர் புதுசுமா. விதி தெரியாது. எனக்கும் தெரியலையே."

"நீ கொழந்த. அவன் மீசை வச்சவன்."

பிறகு எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தாள். குரல் மாறிவிட்டது. "எழுது. ஒரு நட்சத்திரம். பணம் குடுக்க இழுத்தடிச்சான். திமிராப் பேசினான். நல்ல மீனை வாங்கி, அவன் தொட்டியில போட்டுக் கெடுத்துட்டு நம்ம மேல பழி போடறான்."

"பணம் உடனே வந்துச்சேமா."

"எழுதுடி."

எழுதினேன். வார்த்தைகள் அம்மாவுடையவை, விரல்தான் என்னுடையது. 'திமிராப் பேசினான்' என்பதை 'மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார்' என்று மாற்றினேன். 'இழுத்தடித்தார்' என்பதற்கு முன்னால் 'பலமுறை நினைவூட்டியும்' என்று சேர்த்தால் வாக்கியம் நன்றாக ஓடியது. அவ்வளவுதான் நான் செய்தது.

ஜூலை 4, வெள்ளி

குணாளன் வீடியோ அனுப்பியிருக்கிறார். கவரைப் பிரிப்பது நடுவில் நிறுத்தாமல் முழுதாக இருக்கிறது. ஆனால் தேநீர் நிறத் தண்ணீரில் வால் தெரியவில்லை. அவருடைய குரல் மட்டும் கேட்கிறது: "பச்ச சூப்பரா இருக்குப்பா. டேய், தள்ளி நில்லுடா, நெழல் விழுது."

ஆப்பை நடத்தும் லோகநாதன் சார் எல்லோரும் பார்க்கும்படி ஒரு குறிப்புப் போட்டிருக்கிறார். ஒருவர் சொல்வது பொய். ஞாயிறு கழித்து விசாரித்து முடிவு சொல்வார். குணாளன் எழுதியது பொய் என்றால் அதை அழித்துவிட்டு அவரையும் ஆப்பிலிருந்து நீக்குவார். உண்மை என்றால் மூன்று நட்சத்திரம் நிற்கும், அம்மாவுக்குப் பொன்வால் கிடையாது.

சாயங்காலம் அதன் கீழே குன்னூர் டீச்சர் எழுதினார். ஆவலோடு திறந்தேன்.

'இந்தத் தம்பியை எனக்கும் தெரியும். என்னிடமும் இப்படித்தான் நடந்துகொண்டான். சுகுணா பெட்டியில் வைக்கும் முன் மீனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அனுப்புகிறவள். அவள் மேல் பழி போடுகிறவன் மீன் வளர்க்கத் தகுதியில்லாதவன்.'

டீச்சரா? ஒரு கடுஞ்சொல்கூட எழுதாத டீச்சரா? வெகுநேரம் மொபைலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்க வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது அவருக்கு எப்படித் தெரியும் என்றும் ஒரு நினைப்பு வந்தது. எல்லா விற்பனையாளர்களும் அப்படிச் செய்வார்கள்போல.

ஜூலை 5, சனி

நடந்தபடியே எழுதுகிறேன்.

ஏலத்தில் விற்றவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் ஆப் வழியாகவே அழைக்கலாம், ஒரு பொத்தான் இருக்கிறது. டீச்சரிடம் பேசி, அவர் கேள்விப்பட்டது தவறு என்று சொல்லத் தீர்மானித்தேன். நீங்கள் எழுதினால் லோகநாதன் சார் நம்புவார், அந்த மனிதருக்கு அநியாயமாகிவிடும் என்று சொல்வதற்கு நான்கு வாக்கியங்கள் தயார் செய்தேன். அம்மா கடைக்குப் போயிருந்தாள். மாடியில் நின்றுகொண்டு பொத்தானை அழுத்தினேன்.

பாட்டில் அலமாரிக்குப் பின்னால் ஏதோ உறுமியது.

பலகை அதிர்ந்தது. பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. நடுவில் செருகியிருந்த அட்டைகள் சரிந்தன. வரிசை முழுக்க மீன்கள் ஒன்றையொன்று பார்த்துச் செவுளை விரித்துக்கொண்டு நின்றன. சிவப்பு, நீலம், பச்சை எல்லாம். நான் அழைப்பை நிறுத்தினேன். உறுமல் நின்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடி உறுமியது.

அலமாரிக்குப் பின்னால், மீனுக்குப் போடும் புழு டப்பாவுக்கு அடியில் அப்பாவின் பழைய மொபைல் இருந்தது. உடைந்துவிட்டது, வீசிவிட்டேன் என்று அம்மா சொன்னது. திரையில் எங்கள் கடையின் பெயர்: சுகுணா ஃபைட்டர்ஸ் அழைக்கிறது.

அட்டைகளை மறுபடி செருகினேன். எல்லாவற்றையும் செருகி முடிக்கும்வரை வேறு எதுவும் நினைக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

அம்மாவிடம் மொபைலை நீட்டினேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். வாங்கிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"ஆரம்பத்துல யாருமே கேக்க மாட்டாங்கடி. ஏழு மணிக்கு ஏலம் போட்டா எட்டு வரைக்கும் ஒரு ஆளு வராது. மொதக் கைய யாரும் தூக்க மாட்டாங்க. ஒருத்தர் தூக்கினாத்தான் அடுத்தவன் தூக்குவான். அதான் ஒருத்தியை வச்சேன். எல்லாரும் பண்றாங்க."

"ஆவடி அக்காவுமா?"

"அவளுக்கு ரெண்டு பேரு."

சில சமயம் யாரும் மேலே கேட்காமல் டீச்சரே ஏலத்தில் ஜெயித்துவிடுவாராம். அந்த மீன்கள் பின்வரிசைக்குப் போய், பிறகு 'தம்பி'களாகத் திரும்பி வருமாம்.

"சரி, ஏலம் கேட்டே. அவ்வளவு நீளமா ஏன் எழுதினே? 'சூப்பர் மீன்'னு போட்டிருக்கலாமே?"

அம்மா ஒரு பாட்டிலைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"மொதல்ல அப்படித்தான் போட்டேன். அப்புறம்... அப்பாவும் ஊர்ல இல்ல, நீயும் ஸ்கூலுக்குப் போயிடற. எழுத ஆரம்பிச்சா வந்துகிட்டே இருந்துச்சு. அவ பேரில எழுதினா வருது. என் பேரில எழுதினா 'நன்றி, வணக்கம்'தான் வருது. கடைசியில ரெண்டும் ஒண்ணு மாதிரி ஆயிடுச்சு. லோகநாதன் அண்ணனே கேட்டாரு, 'என்ன சுகுணா, டீச்சர் மாதிரியே எழுதறே'ன்னு. பயந்துட்டேன். அதுக்கப்புறம்தான் நம்ம கடையோடத உன்கிட்ட குடுத்தேன்."

இதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. என் எழுத்துக்காக அவள் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. தன் பெயரை என்னிடம் கொடுத்துவிட்டு, வேதவல்லியைத் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"எனக்கு அன்புன்னு எழுதினது?" என்று கேட்டேன்.

"அது நெசம்தான்."

நான் கீழே போய்விட்டேன். நான் அழவில்லை. அறிவியல் பாடம் படித்தேன். அந்தப் புத்தகத்தில் ஒரு காகிதம் இருந்தது, எடுத்து வேறு இடத்தில் வைத்தேன்.

ஜூலை 7, திங்கள்

தண்ணீர் மாற்றினோம். பேசிக்கொள்ளவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

வேதவல்லி எழுதியதை அழித்துவிடச் சொன்னேன். அழித்தால் சந்தேகம் வரும் என்கிறாள். லோகநாதன் சார் அதற்குள் மேலும் ஒரு குறிப்புப் போட்டுவிட்டார்: 'இரு தரப்புக்கும் வேறு சாட்சி இல்லை. வேதவல்லி டீச்சர் சொல்வதை வைத்து முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அவரை நானே போனில் அழைத்துப் பேசுவேன்.'

அதன் கீழே நாற்பது பேர் கைகூப்பும் படம் போட்டிருக்கிறார்கள்.

குணாளன் ஒரு வரி எழுதியிருக்கிறார். 'டீச்சர் என்ன சொன்னாலும் ஏத்துக்கறேன். ஆனா அவங்கள எனக்குத் தெரியவே தெரியாது.'

ஜூலை 9, புதன்

"என் குரல் அவருக்குத் தெரியும்," என்றாள் அம்மா. நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"சரி."

"நீ பேசு."

நிமிர்ந்தேன்.

"உனக்குத்தான் டீச்சர் மாதிரி வருமே. 'தங்கள், தாங்கள்'னு. ஒரே ஒரு தடவை. மூணு வருஷம்டி. அந்தப் பச்சைக்கு நான் எத்தனை தலைமுறை மீன் பார்த்திருப்பேன்."

"அவரை நீக்கிடுவாங்கமா. அவரும் அதே ஆப்புலதானே மீன் விக்கறாரு."

"அவன் வேற ஆப்புல வித்துக்கட்டும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் எழுந்துபோனாள். மாடியில் புழு டப்பாவை நீண்டநேரம் தேய்த்துக் கழுவும் சத்தம் கேட்டது.

ஜூலை 11, வெள்ளி

ஒப்புக்கொண்டேன். ஏன் ஒப்புக்கொண்டேன் என்று முன்னால் எழுதவில்லை, ஏனென்றால் முன்னால் எனக்கே தெரியாது.

மாலை ஆறு மணிக்குப் பழைய மொபைல் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டோம். அம்மா என் எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வணக்கம்மா, லோகநாதன் பேசறேன். உங்க எழுத்துக்கு நான் பெரிய ரசிகன்மா."

"வணக்கம். தங்கள் அன்புக்கு நன்றி."

"குரல் சின்னப் பொண்ணு மாதிரி இருக்கே டீச்சர்?"

அம்மா தொண்டையைப் பிடித்துக்காட்டினாள். "குளிர். தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது," என்றேன்.

"ஐயோ, சுக்குக் கஷாயம் போட்டுக் குடிங்கம்மா. ஒரே ஒரு கேள்விதான். அந்தப் பையன் பொய் சொல்றானா?"

அம்மா தலையை ஆட்டினாள். ஆமாம் என்று சொல்லச் சொல்லி.

"இல்லை," என்றேன்.

அம்மாவின் தலை அப்படியே நின்றது.

"நான் எழுதியது தவறு. அந்தத் தம்பியோடு எனக்குப் பழக்கமே கிடையாது. கோபத்தில் எழுதிவிட்டேன். மீனின் வால் அனுப்பும்போதே வெளுத்திருந்தது. அவர் பணமும் உடனே அனுப்பிவிட்டார்."

"அனுப்பும்போதே வெளுத்திருந்ததுன்னு குன்னூர்ல இருக்கற உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

இந்தக் கேள்வியை நான் யோசித்திருக்கவே இல்லை. அம்மாவைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்தாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"சுகுணாவே சொன்னாள்," என்றேன்.

"சுகுணாவா?"

"ஆமாம். மனசு கேட்காமல் என்னிடம் சொன்னாள்."

"பெரியவங்க பெரியவங்கதான்மா," என்றார் லோகநாதன் சார். அவர் குரல் தழுதழுத்தது. "சொன்ன வார்த்தைய இந்த ஆப்புல யாரும் திரும்ப எடுத்துக்கிட்டதா சரித்திரமே இல்ல."

அழைப்பு முடிந்தது. அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. எழுந்து மீன்களுக்குப் புழு போட்டாள். பச்சை மீன்கள் வரிசைக்கு வந்ததும் நின்றாள். பிறகு அவற்றுக்கும் போட்டாள்.

நான் உண்மையைச் சொல்லியிருக்கிறேன். இல்லாத ஒருவரின் குரலில் சொல்லியிருக்கிறேன். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

ஜூலை 12, சனி

காலையில் முடிவு வந்தது. மூன்று நட்சத்திரம் நிற்கும். குணாளன் மேல் நாங்கள் எழுதியது அழிக்கப்பட்டது. அம்மாவுக்குப் பொன்வால் கிடையாது. இனி முதலிலிருந்து ஒரு வருடம்.

அதோடு முடியும் என்று நினைத்தேன். அதற்குக் கீழே இன்னொரு அறிவிப்பு. 'இனிமேல் ஃபீட்பேக் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நடுவராக வேதவல்லி டீச்சர் இருப்பார்.' மாலை போட்ட மீன் படம் ஒன்று. நூற்றுக்கணக்கான வாழ்த்துகள். ஆவடி அக்கா கவிதையே எழுதியிருக்கிறார்.

அம்மாவும் நானும் பழைய மொபைலை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது துடித்துக்கொண்டே இருந்தது.

மதியம் குணாளனிடமிருந்து டீச்சருக்குத் தனிச் செய்தி வந்தது. 'டீச்சர்மா, எனக்காக இதுவரைக்கும் யாரும் இப்படிப் பேசினதில்ல. அடுத்த வாரம் கோயமுத்தூர் வரேன். அப்படியே குன்னூர் வந்து உங்களப் பார்த்து, என் தொட்டியில பொறந்த ஒரு ஜோடி மீனைக் குடுத்துட்டுப் போறேன். அட்ரஸ் மட்டும் அனுப்புங்க. அந்தப் பச்சை மீன் தேறிடுச்சு, வால் திரும்ப வளருது.'

அம்மா அதைப் பலமுறை படித்தாள்.

"செத்துட்டான்னு எழுதிடலாமாடி?"

"யாரு?"

"வேதவல்லி."

"குணாளன் மாலையோட குன்னூர் பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பாருமா."

அம்மா சிரித்துவிட்டாள். உடனே சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்னைத் திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல," என்றாள். "மீனு வேற குடுக்கறேங்கறான்."

பிறகு பழைய மொபைலை அணைத்துவிட்டு, எங்கள் கடை மொபைலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். நான் எழுதித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். படியில் உட்கார்ந்து ஒரே விரலால் அடித்தாள். அடித்தாள், அழித்தாள், அடித்தாள். சோறு ஆறிப்போனது. அனுப்பிய பிறகுதான் எனக்குக் காட்டினாள். எல்லோரும் பார்க்கும் இடத்தில், தன் பெயரிலேயே போட்டிருந்தாள்.

'லோகநாதன் அண்ணே. வேதவல்லி நான்தான். குன்னூர்ல யாரும் இல்ல. அவ எழுதின எல்லாம் நான் எழுதினது. நேத்து போன்ல பேசினது என் பொண்ணு. அவ பேசினது மட்டும் உண்மை. குணாளன் தம்பி, நீங்க குன்னூர் போக வேணாம்.'

நான் ஏதோ சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.

மாலை ஏழு மணிக்கு ஆப்பைத் திறந்தால் எங்கள் கடையின் பக்கம் இல்லை. வேதவல்லியின் பக்கமும் இல்லை. அந்த மீன் ஒரு கண்ணைத் திருப்பிப் பார்த்த வரிகள், வாயைத் திறந்து மூடியது, குளிர், அன்பு, எதுவுமே இல்லை. அம்மா எங்கும் எழுதிவைக்கவில்லையாம். எனக்கு ஏனோ அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

கடை மொபைல் அடித்தது. குணாளன். அம்மா பெயரைப் பார்த்தாள், எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. திட்டுவதற்கா, வேறெதற்கா என்று எங்களுக்குத் தெரியாது.

"நாளைக்குப் பேசறேன்," என்றாள் அம்மா. "நானே கூப்பிட்டுப் பேசறேன்."

நான் பாட்டில்களை நேராக அடுக்கினேன். அம்மா வரிசை வரிசையாகப் போய் அலமாரி விளக்குகளை அணைத்தாள்.